ஏழுக்கு நாலு

"மூணு," என்றார் கிழவர்.

லியோனிலா கையில் தட்டோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தட்டில் மசித்த சிவப்புப் பயறு, இரண்டு சோள ரொட்டி, ஓரத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. ரொட்டியிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. தப்பாகச் சொன்னால் இந்த ரொட்டி நேராகக் கோழிக்குத்தான் போகும் என்பது அவளுக்குத் தெரியும். கோழிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவை வாசலைச் சுற்றியே நின்றன.

"ஒன்பது?" என்றாள், சந்தையில் விலை கேட்கிறவள் மாதிரி.

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் மட்டும் இன்னும் வயதாகவில்லை. பிறகு வாயை இறுக்கிக்கொண்டு ஊஞ்சல் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். இனி சாயங்காலம் வரை அந்த வாய் திறக்காது. மாத்திரையும் போகாது.

"சாமி, இது எந்த ஊர் நியாயம்?" என்று லியோனிலா தட்டைப் பார்த்துச் சொன்னாள். "என் வீட்டுக்குள்ள நான் வர்றதுக்கு எனக்கே அனுமதி இல்ல."

போர்க்காலத்தில் இந்த மலையில் அதுதான் வழக்கம். காவலில் நிற்பவன் ஓர் எண்ணைச் சொல்வான். வருகிறவர் இன்னோர் எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டையும் கூட்டினால் அன்றைய எண் வரவேண்டும். அன்றைய எண் என்னவென்று விடியற்காலையில் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும். மறுநாள் விடிந்தால் வேறு எண். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த நாட்களில் கூட்டல் கணக்கில் புலியாக இருந்தார்கள். தப்பாகச் சொன்னவர்கள் மேல் குண்டு பாய்ந்ததும் உண்டு. தங்கள் தரப்பு ஆளையே சுட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்களை லியோனிலா பார்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தக் கணக்கு அதிகம் பழக்கமில்லை. அவள் மருத்துவ முகாமில் இருந்தவள். முகாமுக்குள் இருப்பவளை யாரும் எண் கேட்க மாட்டார்கள்.

அதை நினைத்துத்தான் முதல் வாரம் ஒரு தந்திரம் செய்தாள். வாசல் வழியாக வந்தால்தானே கேட்கிறார், முகாமுக்கு உள்ளேயிருந்து வருவதுபோல வரலாமே என்று கோழிக்கூட்டைத் தாண்டி, பின்கதவைத் தள்ளி, முகாம் வேலையாய் ஓடித்திரிகிறவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முதுகுப் பக்கமாக வந்து நின்றாள். பலித்தது. "வா நொயேமி," என்று சொல்லிவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டார். நொயேமி என்பது அவளுடைய போர்க்காலப் பெயர். அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட இப்போது உலகத்தில் வேறு ஆளில்லை. ஆனால் நாலைந்து நாளில் கிழவருக்கு என்ன தோன்றியதோ, படுக்கையை வாசலும் பின்கதவும் ஒருசேரத் தெரிகிற மூலைக்கு மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டார். மூளை கரைந்தாலும் தளபதி தளபதிதான்.

தளபதி ஒராசியோ. அந்தப் பெயரைச் சொன்னால் சாலத்தெனாங்கோ மலை முழுக்க ஒரு காலத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தலைநகரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டுப் புரட்சிப்படையில் சேர மலையேறியவர், பேச ஆரம்பித்தால் மாடுகூட மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார்கள். சமாதானம் ஆன பிறகு இரண்டு தடவை சட்டமன்றத்தில் இருந்தார். ஊர்ச் சமூகக்கூடத்தின் சுவரில் அவர் படம் வரைந்திருக்கிறது, சுவரில் உள்ள மற்றவர்கள் எல்லாரையும்விடப் பெரிதாக. அவர் வயிற்றில் இருந்த இரும்புத் துண்டுகளை லியோனிலாதான் ஒரு மாமரத்தடியில், கொதிக்க வைத்த தையல் நூலையும் சவரக் கத்தியையும் வைத்துக்கொண்டு எடுத்தாள். ஆகவே நினைவு தப்பி, நகரத்து வீட்டில் ஜன்னலை உடைத்து, "மலைக்குப் போகணும்" என்று அவர் கத்த ஆரம்பித்தபோது, மகள் இலியானாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. காரில் கூட்டிவந்து விட்டுவிட்டாள். "அப்பா சாப்பிட்டா இங்கேயே இருக்கட்டும் அத்தை. சாப்பிடலைன்னா நான் ஒரு இல்லத்துல பேசி வச்சிருக்கேன். இறந்தோர் நாள் விடுமுறைக்கு வந்து பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இல்லத்தில் குழாய் வைத்துச் சோறு ஊற்றுவார்கள், கையைக் கட்டிலோடு கட்டுவார்கள் என்று லியோனிலா கேள்விப்பட்டிருந்தாள்.

ஊருக்கு இது பெரிய திருவிழாவாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு கோழி, ஒரு சீப்பு வாழைப்பழம், அரிசி மாவு கேக் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரையும் தளபதி எண் கேட்டார். எல்லாரும் தோற்றார்கள். கடைக்காரர் செபெரினோ குலுக்கல் சீட்டு விற்கிற ஆள், "இன்னிக்குத் தளபதி என்ன எண் சொன்னாரு? அதுல சீட்டு எடுத்தா விழுந்தாலும் விழும்," என்று காலையிலேயே வந்து நிற்பார். லியோனிலா சிரித்துவைத்தாள். தான் பார்த்துப் பார்த்துப் பிழைக்க வைத்த உடம்பு தன் கண்ணெதிரிலேயே வற்றுவதைப் பார்த்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று, ஒன்பது, பதினைந்து என்று அவளுக்கு நினைவுக்கு வந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தப்புதான் செய்ய முடியும், அன்றைய சாப்பாடு போயிற்று, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இறங்குகிற இரண்டு வாய்க் கஞ்சிதான் மிச்சம்.

சில மத்தியானங்களில் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"அந்த இன்னொரு படுக்கையில இருக்கிறவனுக்குத் தண்ணி குடுத்தியா?"

எதிர்ச்சுவரில் படுக்கை ஏதும் இல்லை. ஒரு தையல் இயந்திரம்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்கும்போதெல்லாம் லியோனிலா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிடுவாள். அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அந்த இன்னொரு படுக்கையில் இருந்தவன் யார் என்பது அவளுக்குத் தெரியும். நின்ஃபாவின் மகன் நெஃப்தாலி.

நின்ஃபாவின் வீடு மூன்று வீடு தள்ளி. அவளுடைய கடைசிப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் லியோனிலா. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேலாக. போர்க்காலத்தில் நின்ஃபா ரொட்டி தட்டியவள். விடியற்காலையில் கூடை நிறையச் சுட்டுத் தலையில் வைத்துக்கொண்டு காவலைத் தாண்டி முகாமுக்கு ஏறுவாள். நெஃப்தாலிக்குக் காலில் குண்டு. தொடையெலும்பு முறிந்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, லியோனிலாவின் முகாமில் படுத்திருந்தான். அந்தக் கோடையில் எங்கே போனாலும் அரசாங்கப் படை முன்னாலேயே வந்து காத்திருந்தது. யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஃப்தாலியின் மாமா ஒருவன் கீழே நகரத்தில் அரசாங்கத்துக் காவல்படையில் இருந்தான். காயம்படுவதற்கு முன்பு இவன் அவனைப் பார்த்துவிட்டு வந்ததாக யாரோ சொன்னார்கள்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேர் வந்து, தளபதி விசாரிக்கிறார் என்று அவனைத் துணித்தூளியில் போட்டுக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து மாமரத்தடியில் எல்லாரையும் கூட்டி வைத்துத் தளபதி பேசினார். ஆற்றுத்துறையில் எதிரியைத் தடுத்து நின்று நெஃப்தாலி உயிரைக் கொடுத்தான் என்றார். எல்லாரும் முஷ்டியை உயர்த்தினார்கள். லியோனிலாவும் உயர்த்தினாள். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று காலைதான் அவள் அவன் கட்டைப் பிரித்துச் சீழ் துடைத்திருந்தாள். ஒரு காலை ஊன்றவே முடியாதவன் ஆற்றுத்துறையில் எப்படி நின்றான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. போர் முடிந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போன இரண்டு பேரும் அடுத்த மழைக்காலத்துக்குள் செத்துப்போனார்கள்.

சமூகக்கூடத்துச் சுவரில் நெஃப்தாலியும் இருக்கிறான், முழங்கால் வரை நீல ஆற்றில் நின்றுகொண்டு, இரண்டு காலிலும். ஒவ்வொரு இறந்தோர் நாளிலும் ஊரே கல்லறைக்குப் போய்ச் சிலுவைக்கு வர்ணம் அடித்துப் பூமாலை போடும்போது, நின்ஃபா தன் மாலையைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் பொதுச் சிலுவையில் மாட்டிவிட்டு வருவாள். மண் கிடைக்காதவர்களுக்கெல்லாம் அந்த ஒரு சிலுவைதான். மாலை ஏறி ஏறி அந்தச் சிலுவையே தெரியாது. வரும் வழியில் லியோனிலாவின் வீட்டில் ஒரு கோப்பை காப்பி குடிப்பாள். இரண்டு பேரும் மழையைப் பற்றி, பயறு விலையைப் பற்றி, வடக்கே பிழைக்கப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள்.

தளபதி வந்ததிலிருந்து நின்ஃபா இந்தப் பக்கம் வரவில்லை. பேத்தியிடம் ரொட்டி மட்டும் கொடுத்தனுப்பினாள். இறந்தோர் நாள் வருகிறது, காகிதப் பூ வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று காரணம். அது பொய்யும் இல்லை. காகிதத்தில் பூ செய்து, உருக்கிய மெழுகில் முக்கி, மழையில் கரையாதபடி உலர்த்துவது அவள் கை வேலை. ஊருக்கே அவள்தான் பூ.

வந்தாள் ஒரு நாள். இறந்தோர் நாளுக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. சுரைக்குடுக்கைக் கிண்ணத்தில் இளஞ்சோளக் கஞ்சி, மேலே பட்டைத்தூள். விரல் நுனியெல்லாம் சிவப்பு மெழுகு.

"என்ன கொமாத்ரே, அந்த மனுஷன் ரொட்டியே தொடறதில்லையாம்? உங்க சமையலுக்கு நான் அன்னிக்கே சொன்னேன்," என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வாய்தான் உங்களுக்கு. நீங்க போய் ஊட்டுங்க பார்ப்போம். பெரிய பெரிய ஆளெல்லாம் தோத்துட்டுப் போயாச்சு."

நின்ஃபா நிலைப்படியில் கால் வைத்தாள். மூலையிலிருந்து குரல் வந்தது.

"ஏழு."

"நாலு," என்றாள் நின்ஃபா.

யோசிக்கவே இல்லை. கொசுவை ஓட்டுகிறவள் மாதிரி சொல்லிவிட்டாள். தளபதியின் முகம் தளர்ந்தது. "வாங்க தோழர். வழியில யாரும் இல்லையே?" என்றார். நின்ஃபா பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை திறந்துகொண்டே இருந்தார்.

லியோனிலாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுப்படிக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டாள்.

"பதினொண்ணா! பதினொண்ணா அது! எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?"

நின்ஃபா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அன்னிக்குக் கூடையோட ஏறினேன். காவலுக்கு நின்ன பய ஏழுன்னான். நான் தூக்கக் கலக்கத்துல அஞ்சுன்னுட்டேன். துப்பாக்கியைத் தூக்கிட்டான். அப்புறம் முகத்தைப் பார்த்துட்டு, தாயே, நாலுன்னு சொல்லித் தொலைங்கன்னு திட்டினான். மேல வந்தா நீங்க கட்டுத்துணி வேக வைக்கப் போயிருந்தீங்க. பிள்ளை ரெண்டு ரொட்டி தின்னான். உப்பே இல்லம்மா, நாளைக்குக் கொஞ்சம் உப்பு கொண்டான்னான்." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்கு மறுநாள் நான் உப்போட வந்தேன். அந்த எண்ணை எப்படி மறப்பேன்?"

அடுப்பில் பயறு கொதித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனையோ வருஷப் போர், ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண், அதில் எந்த நாளை வேண்டுமானாலும் அந்தக் கிழவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். வெற்றி பெற்ற நாட்கள் இருந்தன. சமாதானம் அறிவித்த நாள் இருந்தது. அவரோ, நெஃப்தாலியை அந்த இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போன நாளில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே காவல் காக்கிறார்.  லியோனிலாவுக்குக் கொமாத்ரேயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதன் பிறகு நின்ஃபா தினமும் வந்தாள். பத்துக்கு ஒன்று, ஆறுக்கு ஐந்து என்று வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். தளபதியின் கன்னத்தில் சதை ஒட்ட ஆரம்பித்தது. லியோனிலாவும் எண் சொல்லி உள்ளே போகப் பழகிக்கொண்டாள். செபெரினோ பதினொன்றில் சீட்டு எடுத்துத் தோற்றுவிட்டுத் தளபதியைத் திட்டினார். ஊர் சிரித்தது. நெஃப்தாலிக்கு என்ன ஆயிற்று என்று இப்போது கேட்டால் கிழவர் சொல்லிவிடுவார் என்று லியோனிலாவுக்குத் தெரிந்தது. சரியான எண்ணோடு வருகிற தோழரிடம் தளபதி எதையும் மறைக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் நின்ஃபாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கிற பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் போய்விடுவார், அல்லது அந்த நாளும் அவர் மண்டையிலிருந்து கரைந்துவிடும். பிறகு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இறந்தோர் நாளுக்கு முந்தின மத்தியானம். தளபதி தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் பூக்கூடையைக் கொட்டி வைத்து இரண்டு பேரும் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு வருதில்ல?" என்றாள் நின்ஃபா.

"வரும். நல்லாச் சாப்பிடறாரு, இங்கேயே விட்டுட்டுப் போன்னு சொல்லலாம்."

"கேக்கறாளோ கூட்டிட்டுப் போறாளோ." ஒரு பூவை எடுத்து இதழை நீவினாள். "கொமாத்ரே, நீங்க அவர்கிட்ட கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

லியோனிலாவின் கையிலிருந்த கம்பி விரலில் குத்தியது.

"என்ன கேக்கணும்?"

"என் பிள்ளையை எங்க வச்சாங்கன்னு."

கோழி ஒன்று கூடைக்குள் தலையை விட்டது. யாரும் விரட்டவில்லை.

"அன்னிக்குக் காலையில அவனுக்கு வயிறு சரியில்ல," என்றாள் நின்ஃபா. "நான்தான் அவனை அள்ளிக்கிட்டுப் பாறை மறைவுக்குப் போனேன். பத்தொன்பது வயசுப் பிள்ளை, வெக்கப்பட்டுட்டு என் கழுத்துல மூஞ்சைப் புதைச்சுக்கிட்டான். அந்தக் கால் காத்துல துணி மாதிரி ஆடிச்சு. அவன் ஆத்துல நின்னு சண்டை போட்டான்னு ஒருத்தர் சொல்றாரு, நான் கையைத் தூக்கி வாழ்கன்னு கத்தறேன். கூட்டத்துல நீங்களும் கத்தினீங்க. நான் உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் லியோனிலா. குரல் அவளுடையதாகவே இல்லை. "இத்தனை வருஷம். எத்தனை காப்பி குடிச்சிருப்போம்!"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களே. அதான் பயம்." நின்ஃபா பூவைக் கோத்தாள். "மத்த நாலு பிள்ளைங்களும் இந்த ஊர்லதான் வளரணும். ஆத்துல செத்தவனோட அம்மான்னா தண்ணிக்குழாய்ல முதல்ல விடுவாங்க. காட்டிக் கொடுத்தவனோட அம்மான்னா? இப்ப எல்லாரும் வடக்கே போயாச்சு. எனக்கு இனிமே குழாய்ல என்ன அவசரம்."

லியோனிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெழுகு பிசுபிசுவென்று ஒட்டியது. அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும், அறைய வேண்டும் போலவும், மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. உள்ளே ஊஞ்சல் படுக்கை கிறீச்சிட்டது.

நின்ஃபா எழுந்து போனாள்.

"ஒன்பது."

"ரெண்டு." உள்ளே போய் நேராக நின்றாள். ரொட்டிக்காரியின் குரலை விட்டுவிட்டு, முகாமுக்கு முகாம் சேதி கொண்டு ஓடுகிற பெண்களின் அந்த உலர்ந்த குரலில் பேசினாள். அந்தக் குரலை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று லியோனிலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "மேல் முகாம்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க தளபதி. அந்தக் கால் ஒடிஞ்ச பையன், நெஃப்தாலி. என்ன ஆச்சு?"

தளபதி எழுந்து உட்கார முயன்றார். லியோனிலா ஓடிப்போய் முதுகைத் தாங்கினாள். அவர் விலா எலும்புகளுக்குள் இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. தான் தைத்த தழும்பு சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"முடிஞ்சாச்சு," என்றார். "உத்தரவு என்னோடது. தூக்கிட்டு வந்த ரெண்டு பேர் மேல யாரும் பழி போடக் கூடாது, எழுதிக்கங்க. குழி நான்தான் வெட்டினேன். வேற யாரையும் விடல." மூச்சு வாங்கினார். "ஊத்துக்கு மேல, பாறை ரெண்டாப் பிளந்த எடத்துல. தலைமாட்டுல ஹியோத்தே மரக்குச்சி ஒண்ணு நட்டிருக்கேன். எல்லாம் முடிஞ்சப்புறம் அவன் தாயாருக்குக் காட்டணும்."

"அவன் ஏதாவது சொன்னானா?"

கிழவர் எதிர்ச்சுவரை, தையல் இயந்திரத்தைப் பார்த்தார்.

"உப்புன்னான். நாளைக்கு அம்மா உப்பு கொண்டு வருவாங்க, மலையேற வேண்டாம்னு சொல்லி அனுப்புங்கன்னான்." பிறகு அவர் முகம் குழந்தை முகமாக மாறியது. "சொல்லி அனுப்பினேனா? நொயேமி, நான் சொல்லி அனுப்பினேனா?"

நின்ஃபா குனிந்து அவர் போர்வையைச் சரி செய்தாள். கை தானாகச் செய்துவிட்ட காரியம் போலிருந்தது. பிறகு கையையே ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வர்ண டப்பாவும் மண்வெட்டியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில் ஊற்றுப் பாதையில் ஏறினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தளபதிக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தாள் லியோனிலா. நின்ஃபாவின் முதுகில் ஒரு சாக்கு நிறையப் பூ. இந்த வருஷம் ஊருக்கு விற்றதைவிட அதிகம் எடுத்து வைத்திருந்தாள். ஏறும்போது, "முழங்கால் போச்சு கொமாத்ரே. அப்ப கூடையோட ஓடினேன்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிள்ளையைப் பார்க்கப் போகிற தாயின் சிரிப்பாகவே இருந்தது. லியோனிலாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

பிளந்த பாறை கிடைத்தது. அதற்குமேல் அவர்கள் நின்றுவிட்டார்கள்.

அந்தச் சரிவு இப்போது செபெரினோவின் மாட்டுப் புல்வெளி. அதைச் சுற்றி வேலி. வேலிக்காலெல்லாம் ஹியோத்தே, செம்புநிறத் தோல் வெயிலில் உரிந்து தொங்க, தலையில் பச்சை விட்டு நிற்கிறது. பாறையை ஒட்டி ஆரம்பித்து, ஊற்றைச் சுற்றி, மேடேறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. இந்த மலையில் பிறந்த யாருக்கும் தெரிந்ததுதான். ஹியோத்தேக் கிளையை வெட்டி மண்ணில் குத்தினால் போதும், வேர்விட்டு மரமாகிவிடும். அதனால்தான் வேலிக்கு அதைப் போடுகிறார்கள். வேர்விடாத அடையாளம் வைக்க வேண்டுமென்று நகரத்தில் சட்டம் படித்தவருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம்.

செபெரினோ மாட்டைப் பார்க்க வந்தவர் இவர்களைக் கண்டு தொப்பியைத் தூக்கினார்.

"என்ன இந்தப் பக்கம்? செத்தவங்கெல்லாம் அங்க இருக்காங்க!"

"இந்த வேலி எப்பப் போட்டது?" என்றாள் லியோனிலா.

"அகதி முகாம்லேர்ந்து திரும்பி வந்த வருஷம். ஒத்தை மரம் நின்னுச்சு இங்க, கொழுகொழுன்னு. யார் வச்சாங்களோ, புண்ணியவான். அதுலேர்ந்தே வெட்டி வெட்டி முழு வேலியும் போட்டுட்டேன். ஒத்தக் காசு செலவில்ல."

"அந்த முதல் மரம் எது?"

செபெரினோ வேலியை இப்படியும் அப்படியும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அதையும் தோள் உயரத்துக்கு நறுக்கித்தானே கம்பி அடிச்சேன். இப்ப எல்லாம் ஒரே பருமன். இதா இருக்கலாம். அதோ அதுவா இருக்கலாம். ஏன், மரத்துல என்ன?"

நின்ஃபா சாக்கை இறக்கினாள். முதல் மரத்தில் ஒரு பூவைக் கம்பியால் கட்டினாள். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. செபெரினோ ஏதோ கேட்க வாயெடுத்து, லியோனிலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மரத்தையும் நின்ஃபா உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். உரிந்த தோல் அவள் கையோடு வந்தது. ஊற்றைச் சுற்றி வந்து மேட்டில் பாதி ஏறியபோது சாக்கு காலியாகிவிட்டது. வேலி மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் இலியானாவின் கார் நின்றது. அவள் கண்கள் சிவந்திருந்தன.

"காலையிலேர்ந்து ஒரு வாய் இறங்கல அத்தை. பதினொண்ணாம், அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நானும் கணக்குப் பண்ணிச் சொல்லித்தான் பார்த்தேன், எங்கிட்ட வாங்க மாட்டேங்கிறாரு. கஞ்சி கொண்டு வர்ற தோழர் எங்கேன்னு கேட்டுட்டே இருக்காரு. நீங்கதானே அது?" நின்ஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஊட்டினாச் சாப்பிடுவாரா? சாப்பிட்டா நான் கூட்டிட்டுப் போகல. சத்தியமாக் கூட்டிட்டுப் போகல."

நின்ஃபா கையை விடுவித்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்க் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வந்தாள். நிலைப்படியில் நின்றாள். மூலையில் தளபதி தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை லியோனிலா பார்த்தாள்.

"ஏழு," என்றார்.

நின்ஃபா நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நகத்துக்கடியில் புகுந்திருந்த மரத்தின் செந்தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

பின்னால் நின்ற லியோனிலாவின் நாக்கு நுனியில் நாலு வந்து நின்றது. சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கொமாத்ரேயின் முதுகையே பார்த்தாள்.

"ஏழு," என்றார் கிழவர் மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக.

நின்ஃபாவின் மடியில் கஞ்சி ஆறி, மேலே ஏடு கட்டிக்கொண்டிருந்தது.